ஓர் ஆல்பத்தின் வரவேற்பு என்பது என்ன? போக்ஸ் குழுவை வைத்து ஒரு விளக்கம்

ஓர் ஆல்பம் எப்படி வரவேற்கப்பட்டது என்று கேட்டால் வழக்கமாகக் கிடைப்பவை இரண்டே எண்கள். விற்பனைப் பட்டியலில் எத்தனையாவது இடம், விமர்சகர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார். லண்டனில் உருவான 'தி போக்ஸ்' குழு 1985 ஆகஸ்ட்டில் 'ரம், சாடமி அண்ட் தி லாஷ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் அது எட்டிய உயரம் 13ஆம் இடம். அதிலிருந்து தனியாக வந்த மூன்று பாடல்கள் 72, 51, 62 ஆகிய இடங்களோடு நின்றுவிட்டன. இந்த எண்களை மட்டும் பார்க்கிறவர், ஏதோ சுமாராகப் போன ஆல்பம் என்று கடந்து போய்விடுவார்.

ஆனால் செல்டிக் பங்க் என்று இன்று அழைக்கப்படும் இசைவகைக்கு அடித்தளம் போட்ட ஆல்பங்களில் முதலாவதாகச் சொல்லப்படுவது இதுதான். அயர்லாந்தின் மரபிசைக் கலைஞர்கள் சிலர் இதைக் கேட்டுக் கொதித்தார்கள். லண்டனில் வளர்ந்த ஐரிஷ் பிள்ளைகள் பலர் இதைக் கேட்டு முதன்முறையாகத் தலைநிமிர்ந்தார்கள். 40 ஆண்டுகள் கழித்தும் இந்தப் பாடல்களுக்கு அரங்கங்கள் நிறைகின்றன. எண்கள் இதில் எதையும் சொல்வதில்லை. ஓர் ஆல்பத்தை யார் கேட்டார்கள், எந்த இடத்தில் நின்றுகொண்டு கேட்டார்கள், கேட்டபின் அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் வரவேற்பு என்கிறோம். அதைப் புரிந்துகொள்ள இந்த ஆல்பத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

செல்டிக் பங்க்: ஒரு சிறு அறிமுகம்

பங்க் 1976, 77 வாக்கில் லண்டனில் வெடித்த ராக் இசை. செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் போன்ற குழுக்கள் அதன் முகங்கள். வேகம், உரத்த குரல், மூன்றே சுரக்கூட்டுகளில் அடங்கும் பாட்டு. பெரிய தேர்ச்சி வேண்டாம், சொல்ல ஏதாவது இருந்தால் மேடை ஏறலாம் என்ற துணிச்சல்தான் அதன் உயிர்.

செல்டிக் என்ற பக்கம் இதைவிட மிகப் பழையது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற நிலங்களின் மரபிசை அது. ரீல், ஜிக் என்ற நடன மெட்டுகள் அதில் ஒரு பாதி. கதை சொல்லும் பாட்டுகள் மறு பாதி. போருக்குப் போனவன், கப்பலேறியவன், தூக்கிலிடப்பட்டவன், காதலியை விட்டுப் பிரிந்தவன் என்று அந்தக் கதைகளில் வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் எளிய மனிதர்கள்.

இவை இரண்டும் சேர்வது வெளியிலிருந்து பார்க்க விசித்திரமாகத் தோன்றலாம். எனக்கு அது இயல்பாகவே படுகிறது. இரண்டிலும் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே தூரம் மிகக் குறைவு. கூட்டமே பல்லவியைப் பிடித்துக்கொண்டு பாடும். குரல் அழகாக இருக்க வேண்டிய கட்டாயம் இரண்டிலும் இல்லை.

போக்ஸுக்கு முன்பே ஐரிஷ் பாட்டும் ராக்கும் சந்தித்திருக்கின்றன. டப்ளினைச் சேர்ந்த தின் லிஸி குழு 'விஸ்கி இன் தி ஜார்' என்ற பழம்பாட்டை மின்கிட்டாரில் வாசித்து 1973இல் பிரிட்டனில் 6ஆம் இடத்துக்குக் கொண்டுபோனது. ஹார்ஸ்லிப்ஸ் என்ற குழு எழுபதுகள் முழுக்க இதைச் செய்தது. போக்ஸ் வந்தது எதிர்த்திசையிலிருந்து. டின் விசில், பாஞ்சோ, அக்கார்டியன் என்று பழைய கருவிகளை அப்படியே வைத்துக்கொண்டார்கள். டிரம்மர் ஆண்ட்ரூ ராங்கன் ஆரம்ப நாட்களில் நின்றுகொண்டே ஓரிரு முரசுகளை மட்டும் அடித்தார். விசில் வாசித்த ஸ்பைடர் ஸ்டேசி சில பாடல்களுக்கு பீர் தட்டால் தன் தலையிலேயே அடித்துத் தாளம் போட்டார். மின்கிட்டாரின் இரைச்சலை அவர்கள் பெரிதாக நம்பியிருக்கவில்லை. வேகத்திலும் திமிரிலும்தான் பங்க் இருந்தது. பின்னாளில் அமெரிக்காவிலிருந்து வந்த டிராப்கிக் மர்ஃபீஸ், ஃப்ளாகிங் மாலி போன்ற குழுக்கள் கனத்த கிட்டாரை நடுவில் வைத்து, பழைய கருவிகளைச் சுற்றிலும் நிறுத்தின. பெயர் ஒன்றுதான், ஒலி வேறு.

யார் இவர்கள்?

பாடகரும் முதன்மைப் பாடலாசிரியருமான ஷேன் மெக்கவன் 1957இல் கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். தாய்வழிச் சொந்தங்கள் வாழ்ந்த அயர்லாந்தின் டிப்பரரி மண்ணும் லண்டன் தெருக்களும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. 1976இல் கிளாஷ் கச்சேரி ஒன்றில் காது கடிபட்டு ரத்தம் வழிய நின்ற அவருடைய படம் இசை இதழில் வந்தது. பங்க்கின் முதல் அலையிலேயே அவர் கூட்டத்தில் நின்றவர் என்பதற்கு அதுவே சான்று.

1982இல் லண்டனின் கிங்ஸ் கிராஸ் பகுதியில் குழு உருவானது. முதலில் வைத்துக்கொண்ட பெயர் ஓர் ஐரிஷ் வசைச்சொல். ஐரிஷுக்கு நெருக்கமான கேலிக் மொழி தெரிந்தவர்கள் பிபிசியிடம் புகார் செய்த பிறகு அது 'போக்ஸ்' என்று சுருங்கியது. பாஞ்சோ வாசித்த ஜெம் ஃபைனர், அக்கார்டியன் வாசித்த ஜேம்ஸ் ஃபெர்ன்லி, ஸ்டேசி, ராங்கன் எல்லோரும் இங்கிலாந்துக்காரர்கள். பேஸ் கிட்டார் வாசித்த கெய்ட் ஓ'ரியோர்டனின் தந்தை ஐரிஷ்காரர், தாய் ஸ்காட்லாந்துக்காரர். அதாவது அயர்லாந்தின் இசையை இவ்வளவு உரக்க வாசித்த குழுவின் மூல உறுப்பினர்கள் பெரும்பாலும் அயர்லாந்தில் பிறக்காதவர்கள். வரவேற்பில் பின்னால் வந்த அத்தனை வம்புக்கும் விதை இங்கேதான் இருக்கிறது.

1984இல் முதல் ஆல்பம் வந்தது. அந்த ஆண்டே ஆங்கிலப் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோவின் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் வாசித்தார்கள். அவரே இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்தார். இன்னும் தேர்ந்த தயாரிப்பாளர் யாராவது வந்து கெடுத்துவிடுவதற்கு முன், அந்தக் குழுவை அதன் சிதைந்த அழகோடு பதிவு செய்துவிடுவதே தன் வேலை என்று காஸ்டெல்லோ பின்னர் சொன்னார். அந்த முடிவு ஆல்பத்தின் ஒவ்வொரு நிமிடத்திலும் கேட்கிறது. கருவிகள் கொஞ்சம் முண்டியடிக்கும், குரல் சில இடங்களில் கரகரக்கும், யாரும் அதைத் தேய்த்து மழமழப்பாக்கவில்லை.

ஆல்பத்துக்குள் இருப்பது

வரவேற்பைப் பேசுவதற்கு முன் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்காமலேயே கருத்துச் சொன்னவர்கள் இந்த ஆல்பத்துக்கு நிறைய வாய்த்தார்கள்.

தலைப்பு பிரிட்டிஷ் கடற்படையின் மரபே சாராயமும் முறைகேடான உறவும் சவுக்கடியும்தான் என்று சர்ச்சில் சொன்னதாகச் சுற்றும் ஒரு பேச்சிலிருந்து வந்தது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. அட்டையில் இருப்பது ஜெரிக்கோ வரைந்த 'மெடூசாவின் தெப்பம்' என்ற பிரெஞ்சு ஓவியம். கப்பல் உடைந்து தெப்பத்தில் தத்தளிப்பவர்களின் முகங்களுக்குப் பதில் குழுவினரின் முகங்கள். கைவிடப்பட்டவர்களின் தெப்பம் என்ற அந்தப் படம் உள்ளே இருக்கும் பாடல்களுக்கு மிகச் சரியான வாசல்.

முதல் பாட்டு ஐரிஷ் புராண வீரன் கூகுலினின் பெயரைத் தாங்கி, மரணப் படுக்கையில் கிடக்கும் ஒருவனைச் சுற்றி நடக்கிறது. மெல்லத் தொடங்கி மூச்சுமுட்டும் வேகத்துக்குப் பாய்கிறது. அடுத்தது 'தி ஓல்ட் மெயின் டிராக்'. பதினாறு வயதில் லண்டன் வந்து சேர்ந்த ஒரு பையன் தெருவில் உடலை விற்று, அடிபட்டு, நொறுங்கிப் போவதை அவனே சொல்கிறான். பின்னணியில் அழுகை இசை இல்லை. குரல் கதறவும் இல்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டே போகிறது. எண்பதுகளில் வந்த பாடல்களில் இதற்கு இணையாக நெஞ்சை அறுக்கும் பாட்டு மிகச் சில என்பது என் கருத்து.

'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்' பாட்டில் மதுக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞனிடம் ஒரு கிழவர் தன் போர்க்களக் கதையைச் சொல்கிறார். சிதறிய உடல்கள், நடுவே ஒரு ஜோடிக் கண்களின் நினைவு. இளைஞன் முதலில் வெறுப்போடு கேட்கிறான். பாட்டு முடிவதற்குள் இருவரின் தனிமையும் ஒன்றாகிவிடுகிறது. மெக்கவனை வெறும் குடிகாரப் பாடகர் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு பாட்டின் அமைப்பை நிதானமாகப் பார்த்தால் போதும். ஒரு சிறுகதையாசிரியரின் கை அதில் தெரியும்.

'நேவிகேட்டர்' ஃபில் காஸ்டன் எழுதியது. பிரிட்டனின் கால்வாய்களையும் ரயில் பாதைகளையும் வெட்டிச் செத்த கூலித் தொழிலாளர்களைப் பற்றியது. 'பில்லீஸ் போன்ஸ்' அமைதிப்படையில் போய் உயிரை விட்டவனைப் பற்றியது. கடைசிப் பாட்டு முதல் உலகப் போரின் கலிப்போலிப் போர்க்களத்தைப் பற்றி எரிக் போகிள் 1971இல் எழுதிய கதை. 1915இல் அங்கே கால்களை இழந்து ஊர் திரும்பிய ஆஸ்திரேலியப் படைவீரன் ஒருவன், ஆண்டுதோறும் நடக்கும் நினைவு ஊர்வலத்தைத் திண்ணையிலிருந்து பார்க்கிறான். எட்டு நிமிடத்துக்கு நீளும் பாட்டு. மெக்கவன் அதில் ஓர் எழுத்துக்குக்கூட அவசரப்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரிஷ் ஆல்பம் என்று எல்லோரும் சொல்லும் இதில் 'டர்ட்டி ஓல்ட் டவுன்' இங்கிலாந்தின் சால்ஃபர்ட் நகரைப் பற்றி யூவன் மெக்கால் எழுதியது. 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' அமெரிக்க நாட்டுப்பாட்டு. கடைசிப் பாட்டை எழுதியவர் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஸ்காட்லாந்துக்காரர். இவற்றையெல்லாம் இணைப்பது ரத்தமோ தேசமோ அல்ல. வீடு விட்டுப் போனவர்கள், வேலை பார்த்தே தேய்ந்தவர்கள், யாருடைய போரிலோ உடல் இழந்தவர்கள் என்ற கூட்டம்தான் இணைக்கிறது. ஆல்பத்தின் பெரும் சச்சரவு அது எவ்வளவு ஐரிஷ் என்பதைப் பற்றியே நடந்ததால், இந்த அம்சம் நீண்ட நாள் யார் கண்ணிலும் படாமலே போனது.

விமர்சகர்கள்

எண்பதுகளின் பிரிட்டனில் ஓர் ஆல்பத்தின் தலைவிதியை எழுதியவை வார இதழ்கள். என்எம்ஈ, மெலடி மேக்கர், சவுண்ட்ஸ் ஆகிய மூன்றும் வாரம் தவறாமல் புது இசையை எடைபோட்டன. சிந்தசைசரும் பளபளப்பான உடையும் கோலோச்சிய காலம் அது. கிழிந்த சட்டையோடு வந்து பழம்பாட்டை இந்த வேகத்தில் வாசித்த குழு விமர்சகர்களுக்கு ஆறுதலாக இருந்தது. பொதுவாக நல்ல வரவேற்பே கொடுத்தார்கள்.

விமர்சனம் படிக்கப் பழகுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாராட்டு இருக்கிறது என்பதாலேயே புரிதலும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மெக்கவனைப் பற்றி எழுதியவர்களில் பலர் அவருடைய பற்களையும் குடியையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்கே வந்தார்கள். குடிகாரக் கவிஞன் என்ற படிமம் எழுதுவதற்கு வசதியானது, விற்பனைக்கும் உதவியது. அதற்கு விலை கொடுத்தவை பாடல்கள். தொழிலாளர்களின் சாவையும் தெருப் பையனின் நாசத்தையும் பாடிய ஆல்பம் 'ஜாலியான குடிப்பாட்டுகள்' என்ற முத்திரையோடு பலர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு விமர்சனத்தைப் படிக்கும்போது இதைச் செய்து பாருங்கள். எழுதியவர் ஏதாவது ஒரு பாட்டின் உள்ளே போய், அதில் என்ன நடக்கிறது, யார் பேசுகிறார்கள், இசை அதற்கு என்ன செய்கிறது என்று சொல்கிறாரா? அல்லது கலைஞரின் தோற்றத்தையும் பழக்கங்களையும் சொல்லியே பக்கத்தை நிரப்பிவிடுகிறாரா? முதல் வகை நாள்பட்டாலும் பழசாவதில்லை. 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழ் எல்லாக் காலத்துக்குமான 500 சிறந்த ஆல்பங்களைப் பட்டியலிட்டபோது இது அதில் இடம்பெற்றது. பட்டியல்களை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் வெளிவந்த ஆண்டின் பரபரப்பு ஓய்ந்து இத்தனை காலம் கழித்தும் ஓர் ஆல்பம் நினைவில் நிற்கிறதா என்பதற்கு அவை ஓர் அடையாளம்.

சொந்த வீட்டுச் சண்டை

மிகக் கடுமையான எதிர்ப்பு வந்தது அயர்லாந்திலிருந்து. 1985இல் ஐரிஷ் வானொலியில் பி.பி. ஃபாலன் நடத்திய நிகழ்ச்சியில் குழுவினரை உட்காரவைத்து ஒரு விவாதம் நடந்தது. கான்செர்ட்டினா என்ற, அக்கார்டியன் போன்ற சிறு கருவியை வாசிக்கும் மரபிசைக் கலைஞர் நோயல் ஹில் அவர்களுடைய இசை ஐரிஷ் மரபின் கோரமான சிதைவு என்ற பொருளில் முகத்துக்கு நேரே சாடினார். குழு அதை மறக்கவில்லை. 1986இல் வந்த அடுத்த இசைத்தட்டில் ஒரு கருவியிசைக்கு 'பிளாங்க்ஸ்டி நோயல் ஹில்' என்று பெயர் வைத்தார்கள். பிளாங்க்ஸ்டி என்பது ஒரு புரவலரையோ பெரியவரையோ கௌரவித்து இசையமைக்கும் பழைய வகை. திட்டியவருக்கு மரபின் வடிவத்திலேயே பதில் கொடுத்துவிட்டார்கள்.

இந்தச் சண்டையில் நான் போக்ஸ் பக்கம்தான். ஆனாலும் மறுபக்கத்தின் வலியைப் புரிந்துகொள்ளாமல் வரவேற்பு என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள முடியாது. ஐரிஷ் மரபிசை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, கேட்டுக் கேட்டே வந்து சேர்ந்தது. ஐம்பதுகளில்கூட அதைப் பட்டிக்காட்டுச் சங்கதி என்று நகரத்தவர்கள் ஒதுக்கினார்கள். ஷான் ஓ ரியாடா, சீஃப்டன்ஸ், பிளாங்க்ஸ்டி குழு போன்றவர்கள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பாடுபட்டு அதற்குக் கச்சேரி மேடையின் மரியாதையை வாங்கிக் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், ஆங்கிலேய நாடக மேடையும் கேலிச்சித்திரங்களும் ஐரிஷ்காரனைக் குடித்துவிட்டு உளறுகிறவனாகவே நூற்றாண்டுக் கணக்கில் காட்டியிருந்தன. இவ்வளவு பாடுபட்டு மீட்ட மானத்தை, லண்டனிலிருந்து ஒரு கூட்டம் கையில் புட்டியோடு வந்து கெடுக்கிறதே என்ற கொதிப்பு எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது.

அந்தக் கொதிப்பு மறந்துபோன ஒன்றும் உண்டு. மரபின் காவலர்களாக எண்பதுகளில் மதிக்கப்பட்ட டப்ளினர்ஸ் குழுவே ஒரு காலத்தில் தடைபட்டது. அவர்களுடைய 'செவன் டிரங்கன் நைட்ஸ்' பாட்டை 1967இல் ஐரிஷ் அரசு ஒலிபரப்பு நிறுவனம் தடை செய்தது. பிரிட்டனில் அது முதல் பத்துக்குள் போனது. ஆக மரபுக்குள் முரட்டுத்தனமும் குடியும் கேலியும் எப்போதும் இருந்தவைதான், போக்ஸ் புதிதாகக் கொண்டுவந்து சேர்த்தவை அல்ல. அதை முதலில் அடையாளம் கண்டுகொண்டவர்களும் அதே டப்ளினர்ஸ்தான். 1987இல் இரு குழுக்களும் சேர்ந்து 'தி ஐரிஷ் ரோவர்' பாடின. அயர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் 8ஆம் இடம். அதே ஆண்டு கிறிஸ்டி மூர் 'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்' பாட்டைத் தன் ஆல்பத்தில் பாடினார். நாட்டுப்பாடல் உலகின் பெரும் குரல் ஒன்று மெக்கவனின் பாட்டை எடுத்துப் பாடியது எந்த விமர்சனத்தையும்விட வலுவான தீர்ப்பு. மரபுக்குள் ஒரு பாட்டு ஏற்கப்பட்டதன் அடையாளம் அதை வேறொருவர் பாடுவதுதான்.

ரசிகர்கள் என்ன கேட்டார்கள்?

1974 நவம்பரில், ஐரிஷ் ஆயுதக்குழுவான ஐஆர்ஏ மீது பழி விழுந்த பர்மிங்ஹாம் மதுக்கடைக் குண்டுவெடிப்பில் 21 பேர் இறந்தார்கள். உடனே வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் சந்தேகத்தின் பேரில் ஒருவரை ஏழு நாள்வரை அடைத்து வைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் கொடுத்தது. பிரிட்டனில் வாழ்ந்த ஐரிஷ் குடும்பங்கள் பொது இடத்தில் தங்கள் பேச்சுவழக்கைத் தாழ்த்திக்கொண்டு நடந்த காலம் அது. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இரட்டைச் சிக்கல். பள்ளியில் அவர்கள் ஐரிஷ்காரர்கள். விடுமுறைக்கு அயர்லாந்து போனால் இங்கிலாந்துக்காரர்கள்.

அந்தப் பிள்ளைகள் போக்ஸைக் கேட்டபோது, வீட்டில் அப்பா முணுமுணுத்த பாட்டும் தெருவில் தாங்கள் கேட்ட பங்க்கும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. உச்சரிப்பு லண்டனுடையது, மெட்டு டிப்பரரியுடையது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை என்று அந்தக் குரல் சொன்னது. மரபிசைக்காரர்கள் குற்றமாகச் சொன்ன அதே விஷயத்தைத்தான் இந்த ரசிகர்கள் தங்கள் சொந்தமாக எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆல்பத்தின் வரவேற்பில் நடுநாயகமான செய்தி இதுவே. ஒரே இசை, ஒரே கலப்பு. டப்ளினில் நின்று கேட்டால் களவு, லண்டனின் கேம்டன் பகுதியில் நின்று கேட்டால் பிறப்புச் சான்று.

ரசிகர்களின் வரவேற்பு விமர்சனம்போல எழுத்தில் தங்குவதில்லை. அது பாட்டைப் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறது. 'சாலி மெக்லெனன்' பாட்டில் ஊரை விட்டுப் போகிறவனை மழையில் ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விடுகிறார்கள். அதைக் கச்சேரிகளில் ஆயிரக்கணக்கானோர் தோளில் கைபோட்டுக் குதித்துப் பாடினார்கள். வேகமும் கொண்டாட்டமும் காதில் விழும், பிரிவு வார்த்தைகளில் ஒளிந்திருக்கும். சிலர் கொண்டாட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். செயின்ட் பேட்ரிக் தினத்தில் பச்சைத் தொப்பி போட்டுக் கத்துவதற்கான பின்னணியாக இந்த இசைவகை சுருங்கிப் போனதில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அது எனக்கு வருத்தம் தருகிறது. ஆனால் அதே பாட்டை, ஊரை விட்டு வந்த தன் தந்தையை நினைத்துப் பாடுகிறவரும் அதே கூட்டத்தில்தான் நிற்கிறார். வெளியே இருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

அரசாங்கமும் ஒரு வகையில் கேட்பவர்தான். ஸ்டீவ் லில்லிவைட் தயாரித்து 1988 ஜனவரியில் வந்த அடுத்த ஆல்பம் 3ஆம் இடம்வரை போனது. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்புக்காகச் செய்யாத குற்றத்தில் சிறையில் கிடந்த ஆறு பேரைப் பற்றிய பாட்டு ஒன்று அதில் இருந்தது. அந்த ஆண்டு கொண்டுவந்த ஒலிபரப்புக் கட்டுப்பாடுகளின்கீழ் அதை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தடை செய்தார்கள். 1991 மார்ச்சில் அந்த ஆறு பேரும் விடுதலையானார்கள். பாட்டு சொன்னது சரி என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டதற்குச் சமம் அது.

காலம் செய்யும் திருத்தம்

வரவேற்பு ஒருமுறை நடந்து முடிந்துவிடுவதில்லை. 1988 ஆல்பத்தில் பாடகி கர்ஸ்டி மெக்காலோடு சேர்ந்து பாடிய 'ஃபேரிடேல் ஆஃப் நியூயார்க்' பிரிட்டனில் 2ஆம் இடம் பிடித்து, இன்று கிறிஸ்துமஸ் காலம் தோறும் திரும்பி வருகிறது. அதில் சண்டையிடும் கணவனும் மனைவியும் வீசிக்கொள்ளும் வசைகளில் ஒன்று ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் சொல். 2007இல் பிபிசி ரேடியோ 1 அதை மறைத்து ஒலிபரப்பியது, எதிர்ப்பு கிளம்பியதும் அதே நாளில் பின்வாங்கியது. 2020இல் அதே நிலையம் மாற்றிய வடிவத்தை ஒலிபரப்பியது. பாட்டு மாறவில்லை, கேட்பவர்கள் மாறினார்கள். இதில் இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பாத்திரம் பேசும் பேச்சைப் பாத்திரத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தச் சொல்லால் நிஜத்தில் அடிபட்டவர்களுக்கு அதைக் கேட்காமல் இருக்கும் உரிமையும் உண்டு.

அயர்லாந்தின் மனமும் மாறியது. 2018 ஜனவரியில் டப்ளின் தேசியக் கச்சேரி அரங்கில் மெக்கவனின் அறுபதாம் பிறந்தநாள் விழா நடந்தது. குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் வாழ்நாள் சாதனை விருதை அவர் கையில் கொடுத்தார். 2023 நவம்பர் 30 அன்று மெக்கவன் இறந்தார். டப்ளின் தெருக்களின் இருபுறமும் மக்கள் நின்றார்கள். டிப்பரரியின் நீனா ஊர்த் தேவாலயத்தில் நடந்த இறுதித் திருப்பலியில் க்ளென் ஹான்சர்டும் லிசா ஓ'நீலும் 'ஃபேரிடேல்' பாட, சவப்பெட்டிக்கு அருகிலேயே உறவினர்கள் எழுந்து ஆடினார்கள். 2025இல் ஸ்டேசி, ஃபைனர், ஃபெர்ன்லி மூவரும் 'ரம், சாடமி அண்ட் தி லாஷ்' ஆல்பத்தின் 40ஆம் ஆண்டுக்காக மேடை ஏறியபோது, அயர்லாந்தின் இளைய நாட்டுப்பாடல் கலைஞர்கள் அவர்களோடு நின்று பாடினார்கள். 1985இல் வெளியே தள்ளப் பார்த்த மரபின் அடுத்த தலைமுறை அது.

கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் 'டர்ட்டி ஓல்ட் டவுன்' பாட்டை டப்ளினர்ஸின் லூக் கெல்லி குரலில் கேளுங்கள், பிறகு போக்ஸில் கேளுங்கள். அடுத்து 'எ பேர் ஆஃப் பிரவுன் ஐஸ்' பாட்டை மெக்கவன் குரலிலும் கிறிஸ்டி மூர் குரலிலும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். நோயல் ஹில்லின் கான்செர்ட்டினா இசையையும் விட்டுவிடாதீர்கள், அது உண்மையிலேயே அற்புதமானது. பிறகு 'தி ஓல்ட் மெயின் டிராக்' பாட்டை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பழைய விமர்சனங்களை அதற்குப் பிறகு தேடிப் படித்தால் போதும்.